பேச்சாளர் வாராரு, பி.டி.யைக் கூப்பிடுங்க!

காலேஜ்ல பி.டி.ன்னு ஒரு ஆளு, அதாவது உடற்பயிற்சி டைரக்டர், பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்குடுக்கத்தான் இருக்காருன்னு யாராச்சும் நெனச்சுக்கிட்டிருந்தா, அவங்க ஒரு மாணவர் பேரவைத் தொடக்க விழாவைக்கூட பக்கத்துல நின்னு பாத்ததில்லைன்னு அர்த்தம்.

விளையாட்டு சாயங்காலம் கொஞ்ச நேரம். மத்தபடி என் உத்தியோகம், வெளியூர்ல இருந்து பேச வாரவரை உள்ள கூட்டிக்கிட்டு வந்து, வந்த மாதிரியே திருப்பி ரயிலேத்தி விடுதது. என்னைய மாதிரி வெள்ளைப் பேன்ட்டைப் போட்டுக்கிட்டு கேட்டுக்கும் மேடைக்கும் நடுவுல லோல்பட்ட பி.டி.மாரு யாராவது இதைப் படிச்சா, பாதியிலயே தலையாட்ட ஆரம்பிச்சிருவீங்க. மத்தவங்களுக்குச் சொல்லுதேன், கேளுங்க.

எழுபதுகளோட கடைசி, எண்பதுகளோட ஆரம்பம். சங்கரன்கோவிலுக்கு வெளிய எங்க காலேஜ். அப்ப யாரைப் பேசக் கூப்பிட்டாலும் எதுக்க ஒரு கூட்டம் நிக்கும். பேரவைத் தேர்தல்ல ஜெயிச்சவன் ஒரு ஆளைக் கூப்பிடுவான். தோத்தவன் அந்த ஆளுக்குக் கறுப்புக் கொடி காட்டுவான். மறுநாள் ரெண்டு பேரும் ஒரே கடையில ஒரே இலையில பரோட்டாவைப் பிச்சுப் போட்டுத் திம்பானுக. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கது நான். போலீசு கேட்டுக்கு வெளியதான் நிக்கும், பிரின்சிபால் கூப்பிட்டாத்தான் உள்ள வரும். அவரு கூப்பிடமாட்டாரு. காலேஜுக்குக் கெட்ட பேரு வந்துரும்பாரு. ஆகக் கேட்டுக்கு உள்ள போலீசு, மிலிட்டரி எல்லாம் நானும் என் கபடி டீமும்தான்.

அந்த டீமுக்குக் கேப்டன் மாடசாமி. இவனைப் பத்தி முதல்லயே சொல்லிருதேன், இனிமே வார எல்லாத்துலயும் இவன் இருக்கான். இளையரசனேந்தல் பக்கத்துப் பையன். வானம் பாத்த கரிசக்காடு. மழை பேஞ்சா பருத்தி உண்டு, பேயாட்டி வீட்டுல அடுப்பு யோசிச்சுத்தான் எரியும். கபடி பாடிக்கிட்டு எதிர்க்கோட்டுக்குள்ள போனான்னா, தொட்டுட்டு அவன் திரும்பின பொறவுதான் தொடப்பட்டவனுக்கே தெரியும். பாளையங்கோட்டையில நடந்த ஒரு டோர்னமெண்ட்ல ரயில்வே டீம்காரங்க அவனைப் பாத்துட்டு, பரீட்சை முடிஞ்சதும் செலக்ஷனுக்கு அனுப்புங்க, வேலை உறுதின்னாங்க. உடம்பு நல்லாயிருக்கணும், போலீசு கேசு எதுவும் இருக்கப்படாது, அவ்வளவுதான். அவங்க அப்பா காலேஜுக்கே வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "உங்க மகனை நான் ரயில்வே கையில ஒப்படைக்கேன், நீங்க நிம்மதியாப் போங்க"ன்னு வாக்குக் குடுத்தேன்.

சிரிக்க சிரிக்க எழுதணும்னுதான் உக்காந்தேன். அவன் பேரை எழுதினதும் கை ஓடமாட்டேங்கு. இருந்தாலும் சொல்லுதேன்.

புற்று மண்ணு

முதல் கூத்து மாடசாமி ரெண்டாம் வருஷம் படிக்கையில. ஆடித்தபசுத் திருவிழா நேரம், ஊருல நிக்க இடமில்ல. அந்த நேரம் பாத்து எங்க பேரவைக்காரப் பயலுக, சாமியே கிடையாதுன்னு ஊரூராப் பேசுத ஒரு பேச்சாளரைக் கூப்பிட்டுட்டானுக. நல்ல கனத்த உடம்பு, வெள்ளை ஜிப்பா, மைக்கே வேண்டாத குரல். ஹால் படிக்கட்டுல எதிர்க்கூட்டம் முண்டுது. நான் கபடிப் பயலுகளை ரெண்டு வரிசையா நிறுத்தி கையைக் கோக்கச் சொன்னேன். கபடியில பாடி வாரவனை மடக்க ரெண்டு பேரு கை கோத்து சங்கிலி போடுவாங்கல்லா, அதேதான். அங்கன மடக்க, இங்கன காப்பாத்த. பேச்சாளரு நடுவுல ராஜா மாதிரி நடந்து வந்தாரு.

எதிர்க்கூட்டத்துப் பிள்ளைகளும் மரியாதை தெரிஞ்ச பிள்ளைக பாத்துக்கிடுங்க. கல்லு எடுக்கல, செருப்பு எடுக்கல. கோமதியம்மன் கோவில் புற்று மண்ணை ஒரு துண்டுல முடிஞ்சு கொண்டு வந்திருந்தானுக. அவரு நெத்தியில பூசிவிட்டா புத்தி வரும்னு நெனப்பு. நெத்தி எட்டல, அள்ளி வீசிட்டானுக. ஜிப்பா பூரா மண்ணு, தரை பூரா மண்ணு. என் பயலுக அத்தனை பேரும் காய்ச்சலுக்கு அந்த மண்ணைக் கரைச்சுக் குடிச்சு, சிரங்குக்குப் பூசி வளந்தவனுக. மிதிப்பானுகளா? ஒருத்தன் காலைத் தூக்கிட்டான், ஒருத்தன் கையை விட்டுட்டுக் குனிஞ்சுட்டான். கேப்டன் மாடசாமி கர்ச்சீப்பை விரிச்சு ஒவ்வொரு பொட்டாப் பொறுக்குதான். வீசுனவனும் குனிஞ்சு பொறுக்குதான். நானும் எங்க கால வைக்கன்னு தெரியாம ஒத்தக் கால்ல நிக்கேன். நட்ட நடுவுல அவரு மட்டும் தனியா நின்னு சுத்திச் சுத்திப் பாத்தாரு. பொறவு மேடைத் தமிழ்லயே என்கிட்டச் சொன்னாரு: "என்னைக் காப்பாற்ற நிறுத்தப்பட்டவர்கள் எல்லாரும் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்களே ஐயா!"

கறுப்பு வேட்டி

அடுத்த வருஷம் கார்த்திகை மாசம். மாடசாமி கடைசி வருஷம். மந்திரி ஒருத்தரு வாராரு, கறுப்புக் கொடி காட்டப்போறாங்கன்னு பேச்சு. ஊருக்குப் புதுசா ஒரு இன்ஸ்பெக்டர் வந்திருந்தாரு. கேட்டுப் பக்கம் கறுப்பா ஒரு துணி தெரியப்படாதுன்னு உத்தரவு. கெமிஸ்ட்ரி சார் குடையை வாங்கி வச்சுக்கிட்டாங்க. மேத்ஸ் சார் கறுப்புப் பையை வாங்கி, உள்ள இருந்த தயிர்சாதத்தை மட்டும் வெளிய எடுத்துக் குடுத்தாங்க.

எங்க ஆபீஸ் அட்டெண்டர் சண்முகம் அண்ணாச்சிதான் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த செட்டுக்குக் குருசாமி. காலையில குளிச்சுக் கோவிலுக்குப் போயிட்டு, சாமிமாரைக் கூட்டிக்கிட்டு வரிசையா காலேஜுக்கு வாராரு. அத்தனை இடுப்புலயும் கறுப்பு வேட்டி. கையில கொண்டுவந்தா பிடுங்கிருவோம்னு இடுப்புல கட்டிக் கொண்டாந்துட்டானுக, நல்ல மூளைடான்னு இன்ஸ்பெக்டர் எல்லாரையும் வேன்ல ஏத்திட்டாரு. நான் மேடையில நாற்காலி போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு பய ஓடியாந்து, சார், வேன்ல மாடசாமியும் இருக்கான்னான். அவனும் அந்தத் தடவை மாலை போட்டிருந்தான். கேசுன்னு ஒண்ணு எழுதிட்டா ரயில்வே வேலை அன்னைக்கோட சரி. செருப்பு ஒருபக்கம் நான் ஒருபக்கம்னு ஓடி, இன்ஸ்பெக்டர் முன்னால கைகூப்பி நின்னேன். மாலையை எடுத்துக் காட்டி, துளசி மணியைக் காட்டி, விரதத்தை விளக்கி, அவரு நம்பவே நேரமாயிட்டு. சரி, வேட்டியை மாத்திக்கிட்டுப் போகச் சொல்லுங்கன்னாரு. மாலை போட்ட ஆளு எப்படி மாத்துவான்? கடைசியில மந்திரி போறவரைக்கும் எல்லாரையும் லைப்ரரியில வச்சுப் பூட்டுததுன்னு முடிவாச்சு. மாடசாமி என்னைப் பாத்துச் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல.

மாலை போட்டவங்க யாரைப் பாத்தாலும் சாமின்னுதான் கூப்பிடணும், இன்ஸ்பெக்டரானாலும் விலக்கு கிடையாது. வேனை விட்டு இறங்கின சண்முகம் அண்ணாச்சி அவரைப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே கேட்டாரு: "மலைக்குப் போகக் கட்டினதை மந்திரிக்காக அவுக்கச் சொல்லுதீகளே, இது எந்த ஊரு நியாயம் சாமி?"

கரிவலம்வந்தநல்லூர்ல இறங்கின அம்மா

தை மாசம் தமிழ் மன்றத்துக்கு மெட்ராஸ்ல இருந்து கதை எழுதுத ஒரு அம்மா வந்தாங்க. பஞ்ச காலத்துல கரிசக்காட்டுப் பக்கம் வந்து தங்கியிருந்து, தண்ணிக்கு அலையுத சனத்தைப் பத்தியும், அதுலயும் தானியத்தைப் பதுக்கி வச்ச பெரிய வீடுகளைப் பத்தியும் ஒரு கதை எழுதியிருந்தாங்க. பெரிய வீட்டுப் பிள்ளைகள்ல பாதி எங்க காலேஜ்லதான் படிக்கு. எங்களைத்தான் சொல்லியிருக்குன்னு கொதிச்சுப்போய், சங்கரன்கோவில் ஸ்டேஷன்ல கொடியும் தட்டியுமா நின்னுக்கிட்டானுக. நான் முந்திக்கிட்டேன். ராஜபாளையத்துலயே இறங்கி பஸ்ஸைப் பிடிச்சு கரிவலம்வந்தநல்லூர்ல இறங்கிருங்கம்மான்னு சொல்லிவிட்டு, அவங்களை எதிர்பாத்து நிக்க மாடசாமியை அங்கன நிறுத்தினேன். அந்த அம்மாவை என் மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காத்தி, முள்ளுக்காட்டுப் பாதை வழியா காலேஜுக்குக் கொண்டாந்து சேத்துட்டேன். பெரிய சாமர்த்தியம் பண்ணிட்டதா எனக்கு நெனப்பு.

ஹாலுக்குள்ள போனா ஆளில்ல. எதுக்க நெனைக்கவன் எல்லாம் ஸ்டேஷன்ல இருக்கான், ஆதரிக்க நெனைக்கவன் எல்லாம் வேடிக்கை பாக்க ஸ்டேஷனுக்குப் போயிட்டான். கபடி டீமைப் பெஞ்சுல உக்காத்தினேன். அந்த அம்மா முகம் வாடிட்டு. இருந்தாலும் காலிப் பெஞ்சுகளைப் பாத்து, ஒரு குறையும் வைக்காமப் பேசினாங்க. வறட்சி நிவாரணம் கேட்டு ரோட்டுல உக்காந்த, விவசாயம் பாக்குத சம்சாரிகளைத் தடியால அடிச்சு விரட்டினதைச் சொன்னாங்க. மாடசாமி முன்னால சாஞ்சு உக்காந்து கேட்டான். டீம் பய ஒருத்தன் சொல்லி அன்னைக்குத்தான் எனக்கே தெரியும், அந்தக் கூட்டத்துல மாடசாமி அப்பாவும் இருந்திருக்காரு, அடியில அவரு வலது கை தோளுக்கு மேல தூக்க வராமப் போயிட்டுன்னு. என் கையை அவரு இடது கையால பிடிச்சது எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்தது. கிளாஸு, கிரவுண்டுன்னே இருந்த பய, அந்த அம்மா போனபொறவும் எழுந்திரிக்காம உக்காந்திருந்தான். எனக்கு மனசுக்குள்ள ஒரு பயம் வந்துட்டு.

அந்த அம்மாவை ரயிலேத்த அனுப்பிட்டுத் திரும்புதேன், தொண்டை கட்டிப்போய், வெயில்ல கறுத்து, ஸ்டேஷன் கூட்டம் உள்ள வருது. அவங்க தலைவன் என்னைத் தனியா ஒதுக்கிக்கிட்டுப் போய்க் கேட்டான்: "முடிஞ்சிட்டா சார்? நான் அந்தக் கதையைப் படிக்கல, அந்தம்மா அப்படி என்னதான் சொன்னாங்க?"

மாடசாமி கேட்ட லீவு

மாசியில ஆண்டு விழா. சிறப்பு விருந்தினரு ஒரு பெரிய அதிகாரின்னு நோட்டீஸ் அடிச்சாங்க. அந்தத் தடியடிக்கு உத்தரவு போட்டது இவர்தான்னு ஊரு பூரா பேரு வாங்கினவரு. பேச எடுத்துக்கிட்ட தலைப்பு, கிராம முன்னேற்றத்துல இளைஞர் பங்கு. இதை எங்க போய்ச் சொல்ல! குருவிகுளத்துப் பக்கத்துப் பிள்ளைக, இளையரசனேந்தல் பக்கத்துப் பிள்ளைக, சம்சாரி வீட்டுப் பிள்ளைக எல்லாம் ஒண்ணு சேந்துட்டானுக. இந்தத் தடவை கட்சிக்காரப் பய சொல்லிக் கூடின கூட்டமில்ல. ஒவ்வொருத்தன் வீட்டுலயும் அடிபட்ட ஆளு ஒண்ணு இருந்தது. நான் பிரின்சிபால்கிட்டப் போய், ஐயா, வேற யாரையாவது கூப்பிடுங்கன்னேன். அவருக்கு புது பில்டிங் அனுமதி வேணும். இந்தத் தடவை போலீசை உள்ளயே கூப்பிட்டுட்டேன், நீங்க கவலைப்படாதீங்கன்னாரு. கேட்டதும் என் கவலை ரெண்டாயிட்டு.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மாடசாமி கிரவுண்டுக்கு வந்தான். பிராக்டிஸ் டிரஸ் போடல. நாளைக்கு லீவு வேணும் சார்னான். எதுக்குன்னேன். சும்மான்னான். கூட்டத்துல போய் நிக்கப்போறான்னு தெரிஞ்சுபோச்சு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்தது. "ஏலே, கிறுக்குப்பயலே, செலக்ஷனுக்கு விரலளவு தூரந்தான் இருக்கு. நாளைக்கு உன் பேரை ஒரு போலீசுக்காரன் எழுதினான்னா போச்சு. கூட்டத்துல நின்னா கேசு. சங்கிலியில நின்னா நீ காலேஜ் ஆளு, ஒருத்தனும் உன் மேல கை வைக்கமாட்டான். என் கண்ணு முன்னால நில்லு"ன்னு கத்தினேன். அவன் கிரவுண்டுச் சுண்ணாம்புக் கோட்டைக் காலால தேச்சான். அந்தாளுக்கு நான் காவல் நிக்கணுமா சார்னு கேட்டான். அந்தாளுக்கு இல்லலே, உன் வேலைக்குக் காவல் நில்லுன்னேன். அப்ப எனக்கு அது நல்ல பதிலாத்தான் தெரிஞ்சது. கடைசியில தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "நீங்க சொன்னா நிக்கேன் சார், ஆனா அவரு மூஞ்சியப் பாக்கச் சொல்லாதீங்க."

விசில்

கிரவுண்டுல எங்க டீமுக்கு ஒரே சட்டம். விசில் கேட்டா அப்படியே நிக்கணும். ஓடுதவன் நிக்கணும், பிடிச்சவன் பிடிச்சபடி நிக்கணும். சங்கிலி போட்டு நிக்கையில கூட்டம் தள்ளினா நான் விசில் ஊதுவேன், பயலுக கையை இறுக்கிக்கிட்டு மரம் மாதிரி நின்னுருவானுக. மூணு வருஷமா அதையே பழக்கிப் பழக்கி, தூக்கத்துல விசில் ஊதினாலும் நிப்பானுக.

அன்னைக்கு அதிகாரி கார்ல இருந்து இறங்கினாரு. சங்கிலிக்குள்ள கூட்டிக்கிட்டு வந்தேன். மாடசாமி நடுவுல, அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, கூட்டத்தைப் பாத்து நின்னான். எதுக்க நிக்கதெல்லாம் அவன் ஊருப் பிள்ளைக. "ஏலே மாடசாமி, யாருக்குலே காவல் நிக்க? உங்கப்பன் கை ஞாபகமில்லையா?"ன்னு கேக்கானுக. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், கையை விடல. நான் அதிகாரியை ஹாலுக்குள்ள தள்ளிவிட்டுத் திரும்புதேன், எங்கிருந்தோ ஒரு செருப்பு பறந்து வந்து கார் கண்ணாடியில விழுந்தது. இன்ஸ்பெக்டர் விசிலை ஊதினாரு. போலீசு விசில் ஊதினா தடியடி, எல்லாரும் ஓடணும்னு ஊரு உலகத்துக்கே தெரியும். கூட்டம் ஒரே ஓட்டமா ஓடிட்டு. மைதானத்துல நின்னது என் பயலுக மட்டும்தான். விசில் கேட்டதும் கையை இறுக்கிக்கிட்டு அப்படியே நின்னுட்டானுக, படுபாவிப் பிள்ளைக.

"கையை விடுங்கலே! ஓடுங்கலே மக்கா!"ன்னு கத்திக்கிட்டே ஓடிவாரேன். நான் வந்து சேருததுக்குள்ள எல்லாம் ஆயிட்டு. தடுக்கக் கை வேணும்லா? ரெண்டு கையையும் ரெண்டு பக்கத்துக்காரனுக்குக் குடுத்துட்டு நின்னா எதைக் கொண்டு தடுப்பான்? மத்தவனுகளுக்கு முதுகு, தோளு. மாடசாமிக்கு முழங்கால்லயே விழுந்துட்டு. அவன் கீழ விழுந்தும் பக்கத்துக்காரன் கை அவன் கையிலதான் இருந்தது. நான் இன்ஸ்பெக்டர் சட்டையைப் பிடிச்சுட்டேன். போலீசு உடுப்பு, என்ன ஆகும்னு நான் பாக்கல. அவரும் என் கையைத் தட்டிவிடல. முகம் வெளுத்துப்போய், நெசமாவே விளங்காமத்தான் கேட்டாரு: "உங்க பையன்க ஏன் சார் ஓடல? விசில் ஊதினனே, காதுல விழலையா?"

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி

முழங்கால் சில்லு உடஞ்சிட்டுன்னாங்க. கட்டுப் போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. காலேஜ்ல ஒரு விசாரணையும் நடக்கல, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. பிரின்சிபால் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோட வந்து கட்டில் பக்கத்துல நின்னாரு. அதிகாரி ரொம்ப நல்லாப் பேசினாருப்பா, வெளிய நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது, ஏற்பாடெல்லாம் பிரமாதம்னு சொல்லிட்டுப் போனாருன்னாரு. நல்ல மனுஷருதான், என்ன பேசுததுன்னு தெரியாம அதைப் பேசிட்டாருன்னு இப்பத் தோணுது. அப்ப எனக்கு அந்த ஆரஞ்சுப் பழத்தை எடுத்து சன்னல் வழியா எறியணும் போல இருந்தது. மாடசாமி வாங்கிவச்சுக்கிட்டு, தேங்க்ஸ் சார்னான்.

நான் தினம் காலேஜ் முடிஞ்சதும் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிருவேன். செலக்ஷனைப் பத்தி அவனும் கேக்கல, நானும் சொல்லல. பக்கத்துக் கட்டில்ல யாரு, என்ன சாப்பாடு, இட்லிக்குச் சட்னி உண்டுமா, இப்படியே பேசிக்கிட்டிருப்போம். வீட்டுக்கு வந்து சோத்துல கை வச்சா இறங்காது. என் சம்சாரம் தட்டை எடுத்துக்கிட்டுப் போயிருவா. ஒருநாள் நான் கிளம்புத நேரம் அவன் என் சட்டை நுனியைப் பிடிச்சான். நான் அவன்மேல கோவமா இருக்கேன்னு இத்தனை நாளும் நெனச்சுக்கிட்டிருந்திருக்கான்! பிள்ளை மாதிரி முகத்தை வச்சுக்கிட்டுச் சொன்னான்: "கடைசி வரைக்கும் நான் கையை விடல சார், வேணும்னா பயலுககிட்டக் கேட்டுப் பாருங்க."

இளையரசனேந்தலுக்குப் போன சேதி

கட்டுப் பிரிச்சாங்க. காலு மடங்கல. பரீட்சையைத் தாங்கித் தாங்கி நடந்துபோய் எழுதினான். ரயில்வே டீம் கோச்சைப் பாக்க நான் மட்டும் மதுரைக்குப் போனேன். ஒரு வருஷம் பொறுங்க, விளையாட முடியாட்டி ஆபீஸ்ல ஏதாவது ஒரு வேலைன்னு கெஞ்சினேன். எனக்கு யாருகிட்டயும் கெஞ்சிப் பழக்கமில்ல, அன்னைக்குக் கெஞ்சினேன். அவரும் என்ன செய்வாரு பாவம். டீ வாங்கிக் குடுத்து, பையன் தங்கம்தான் சார், ஆனா நாங்க எடுக்கது காலைப் பாத்துத்தானேன்னு சொல்லி அனுப்பிட்டாரு. வார வழியெல்லாம் பஸ் சன்னல்ல முகத்தை வச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல இருந்தவரு என்ன சார் துட்டியா, யாரும் இறந்துட்டாங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன்.

மறுநாள் இளையரசனேந்தலுக்குப் போனேன். தபால்ல எழுதுத சேதியா இது? மாடசாமி ஊருல இல்ல, மாமா வீட்டுக்குப் போயிருந்தான். அவங்க அப்பா காட்டுல காஞ்ச பருத்திக் கட்டை பிடுங்கிக்கிட்டிருந்தாரு, ஒத்தக் கையால. வரப்புல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். வைவாரு, நாலு வார்த்தை கேப்பாரு, கேட்டாக் கொஞ்சம் பாரம் குறையும்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். அவரு துண்டால முகத்தைத் துடைச்சாரு. எனக்கு மோரு கொண்டாரச் சொல்லி வீட்டுப் பக்கம் சத்தம் குடுத்தாரு. பொறவு உக்காந்து, குத்திக் காட்டுத குரல்ல இல்லாம, காட்டைப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "நான் படிக்காதவன் வாத்தியாரய்யா, அன்னைக்குப் போலீசு விசில் சத்தம் கேட்டதும் ஓடிட்டேன், கையோட போச்சு. இவனை ஓடாம நிக்கப் பழக்கியிருக்கீக, நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கீக."

நான் ரிட்டையர் ஆன அன்னைக்குப் பொன்னாடை போத்தி, நம்ம பி.டி. சார் இருந்த காலம் பூரா இந்தக் காலேஜுக்குப் பேச வந்த ஒருத்தர் மேலயும் ஒரு சின்னக் கீறல்கூட விழுந்ததில்லன்னு மேடையில சொன்னாங்க, அது அத்தனையும் சத்தியம்.